தானாய் முளைத்த செடிக்குப் பெயர் என்ன?

ஐப்பசி மழை சற்று விட்ட ஒரு காலையில், எங்கள் வீட்டுத் துவைகல் ஓரம் ஊதாப்பூ ஒன்று பூத்திருந்தது. நாங்கள் நட்ட செடியில்லை. கோடை முழுக்க அந்த இடத்தில் காய்ந்த குச்சிகள் நாலைந்து மட்டுமே நின்றன. இப்போது முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று செடி, அதன் உச்சியில் புனல் போல வாய் விரித்த பூ.

எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "டிசம்பர் பூதானே தம்பி? இந்த வருசம் முன்னாடியே பூத்துருச்சு போல" என்றார். கல்லூரியில் படிக்கும் அவர் மகள், "இல்லம்மா, இது பெட்டூனியா. ஊட்டி மலர்க் கண்காட்சியில பார்த்தோமே" என்றாள். நான் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துச் செயலியில் போட்டேன். அது மூன்று பெயர்களை வரிசையாகக் காட்டி, எது என்று முடிவு செய்யும் வேலையை என்னிடமே விட்டுவிட்டது.

மூவருமே பூவை மட்டும் பார்த்தோம். பூவிலும் நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் பார்த்தோம். பெயர் தெரியாத செடியின் முன்னால் நிற்கும் எவருக்கும் முதலில் கண் போவது அங்கேதான். ஆனால் செடியை அடையாளம் காண்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. தண்டு, இலை, பூ, காய் என்று அந்த வரிசையில் போனால், தாவரவியல் படிக்காதவரும் பத்து நிமிடத்தில் செடியின் குடும்பத்தைப் பிடித்துவிடலாம். குடும்பம் தெரிந்துவிட்டால் பெயர் பக்கத்தில்தான் இருக்கும். துவைகல் ஓரத்துச் செடியையே எடுத்துக்கொண்டு அந்த வழியில் நடந்து பார்ப்போம்.

நிறம் கடைசியில்

நிறத்தை ஏன் முதலில் நம்பக்கூடாது? அந்திமந்தாரையைப் பாருங்கள். ஒரே செடியில் மஞ்சள் பூவும் ரோஜா நிறப் பூவும் பூக்கும். சில சமயம் ஒரே பூவில் இரண்டு நிறமும் தெறித்திருக்கும். நித்தியகல்யாணி வெள்ளையிலும் உண்டு, இளஞ்சிவப்பிலும் உண்டு. இரண்டும் ஒரே இனம். உண்ணிச்செடியின் ஒரு பூங்கொத்தில் நடுவில் மஞ்சளாக விரியும் பூ, வயது ஏற ஏற ஆரஞ்சாகவும் சிவப்பாகவும் மாறுகிறது. ஊட்டி, கொடைக்கானல் தோட்டங்களில் பெரிய பெரிய பந்துகளாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா, புளிப்புத் தன்மையுள்ள மண்ணில் நீலமாகவும் சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்ணில் ரோஜா நிறமாகவும் பூக்கும். செடி ஒன்றுதான், மண்தான் வேறு.

நாம் பூ என்று நினைப்பது பூவாகவே இல்லாமலும் இருக்கலாம். காகிதப்பூவில் பளிச்சென்று தெரியும் மூன்று வண்ண ஏடுகளும் இலையின் மாறுவடிவம். அவற்றின் நடுவே குச்சி போல நிற்கும் சிறிய வெள்ளைக் குழல்தான் உண்மையான பூ.

அதனால் நிறத்தைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள், ஆனால் முடிவை அதன்மேல் கட்டாதீர்கள். செடியில் எளிதில் மாறாத சங்கதிகள் வேறு சில உண்டு. அவற்றைத்தான் தேட வேண்டும்.

தண்டையும் வேரையும் தொட்டுப் பாருங்கள்

முதல் கேள்வி, இது ஒரு பருவத்தோடு மடியும் செடியா, ஆண்டுக்கணக்கில் வாழும் செடியா என்பது. துளிர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். விதையிலிருந்து புதிதாக முளைத்ததென்றால் ஒற்றைத் தண்டாக, மெல்லிய வேரோடு இருக்கும். பழைய காய்ந்த தண்டின் அடியிலிருந்து பல துளிர்கள் கிளம்பியிருந்தால், மண்ணுக்குள் ஏதோ ஒன்று கோடையைத் தாண்டி உயிரோடு இருந்திருக்கிறது என்று பொருள். கிழங்கோ, தண்டுக்கட்டையோ, மரத்துப்போன வேரோ அங்கே இருக்கும்.

துவைகல் ஓரத்துச் செடி காய்ந்த குச்சிகளின் அடியிலிருந்து கிளம்பியிருந்தது. ஒரு பக்கம் மண்ணைக் கிளறிப் பார்த்தேன். சுண்டுவிரல் பருமனில், நடுவில் தடித்து இருபுறமும் ஒடுங்கிய வேர்க்கிழங்குகள் கொத்தாக இருந்தன. பார்த்தவுடன் தண்ணீர்விட்டான் கிழங்கு நினைவுக்கு வந்தது. ஆனால் தண்ணீர்விட்டான் கொடி ஊசி ஊசியாய்ப் பச்சையும் வளைந்த முள்ளும் கொண்டு படர்வது. இந்தச் செடிக்கு அகன்ற இலை, முள்ளே இல்லை. வேரை மட்டும் பார்த்து முடிவு செய்திருந்தால் அங்கேயே தவறியிருப்போம்.

அடுத்து தண்டு. இரு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். வழவழவென்று உருண்டால் உருளைத் தண்டு. உருளாமல் தடுக்கித் தடுக்கி நின்றால் நாற்கோணத் தண்டு. துளசித் தண்டை உருட்டினால் இது உடனே புரியும். நாற்கோணத் தண்டு சில குடும்பங்களுக்கே உரிய அடையாளம் என்பதால், கையால் தொட்டே பாதித் தாவரங்களை ஒதுக்கிவிடலாம்.

ஓர் இலையைக் கிள்ளிப் பால் வடிகிறதா என்றும் பாருங்கள். எருக்கு, நந்தியாவட்டை போன்றவற்றில் பால் கசியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. கையைக் கழுவாமல் முகத்தைத் தொடக்கூடாது. பால் இல்லையென்றால் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். துளசி, கற்பூரவல்லி வாசனை எங்கும் மறைக்க முடியாதது.

நம் செடி: தண்டு லேசாக நாற்கோணம். இலை முளைக்கும் கணுக்கள் முட்டி போலச் சற்றே வீங்கியிருந்தன. பால் இல்லை. கசக்கினால் பச்சிலை வாடை மட்டும். துளசிக் குடும்பத்தின் வாசனை இல்லை. இந்தக் குறிப்புகள் பின்னால் உதவும்.

தண்டை வைத்துத் தாவரத்தைப் பிரிப்பது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறம் வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உள்ளே வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் வகுக்கிறது. அதன்படி வானுயர நிற்கும் பனையும் தென்னையும் புல்வகை. இன்றைய தாவரவியலும் பனையையும் தென்னையையும் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களில்தான் வைத்திருக்கிறது. உயரத்தைப் பார்க்காமல் தண்டின் உட்கட்டமைப்பைப் பார்த்ததால் கிடைத்த தெளிவு அது.

இலை எங்கே ஒட்டியிருக்கிறது?

இலையின் வடிவத்தைப் பார்க்கும் முன், அது தண்டில் எப்படி ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு கணுவில் ஓர் இலை மட்டும் இருந்து, அடுத்த கணுவில் வேறு பக்கம் அடுத்த இலை வந்தால் அது மாற்றிலை அமைவு. செம்பருத்தி அப்படி. ஒரே கணுவில் இரண்டு இலைகள் எதிரும் புதிருமாக நின்றால் எதிரிலை அமைவு. மல்லிகை, துளசி, நித்தியகல்யாணி எல்லாம் அப்படி. ஒரு கணுவைச் சுற்றி மூன்றோ அதற்கு மேலோ இலைகள் இருந்தால் வட்ட இலை அமைவு. அரளியில் மூன்று மூன்றாக இருப்பதைப் பார்க்கலாம்.

இது சிறிய செய்தியாகத் தோன்றும். ஆனால் வெயில், நிழல், உரம், நீர் எது மாறினாலும் இலையின் அளவு மாறுமே தவிர, இந்த அமைவு பெரும்பாலும் மாறாது. அதனால்தான் தாவரவியலார் பலரும் இங்கிருந்து தொடங்குகிறார்கள்.

அடுத்து, இது தனி இலையா, கூட்டிலையா? இதில் பலர் தடுமாறுவார்கள். நாம் "ஓர் இணுக்குக் கறிவேப்பிலை" என்று தாளிக்கப் போடுகிறோமே, அந்த இணுக்கு முழுவதும் சேர்ந்துதான் ஓர் இலை. நாம் உருவிப் போடும் ஒவ்வொன்றும் சிற்றிலை. இதை எப்படி உறுதி செய்வது? மொட்டைத் தேடுங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் கோணத்தில் ஒரு சிறு மொட்டோ துளிரோ இருக்கும். கறிவேப்பிலையில் அது இணுக்கின் அடியில்தான் இருக்கும். சிற்றிலைகளின் அடியில் இருக்காது.

இதற்கு நேர்மாறானது கீழாநெல்லி. பார்வைக்குக் கூட்டிலை போலவே இருக்கும். திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு குட்டி இலையின் அடியிலும் ஒரு பூவோ காயோ தொங்கும். அப்படியென்றால் அந்தக் குட்டி இலை ஒவ்வொன்றும் முழு இலை. அவற்றைத் தாங்கி நிற்பது மெல்லிய கிளை. கறிவேப்பிலையையும் கீழாநெல்லியையும் ஒரு நாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால், இந்தப் பாடம் வாழ்நாளுக்கும் மறக்காது.

நம் செடி: எதிரிலை அமைவு. ஒரு ஜோடி கிழக்கு மேற்காக இருந்தால் அடுத்த ஜோடி தெற்கு வடக்காக, குறுக்குக் குறுக்காக நின்றது. தனி இலை. நீள்வட்ட வடிவம், அடிப்பக்கம் ஒடுங்கி ஒடுங்கிக் காம்போடு கலந்தது. ஓரத்தில் பல் இல்லை, லேசான நெளிவு மட்டும். வலைப்பின்னல் நரம்பு. இதோடு பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்றை வைத்துப் பார்த்தபோது, இலைப்பரப்பில் மெல்லிய கோடு கோடாகப் புடைப்புகள் தெரிந்தன. சில செடிகளின் செல்களுக்குள் சுண்ணாம்புச் சத்து படிந்து இப்படிக் கோடுகளாகத் தெரியும்.

நாற்கோணத் தண்டு, எதிரிலை, வாசனையின்மை, வீங்கிய கணு, இலையில் சுண்ணாம்புக் கோடுகள். இந்த ஐந்தும் சேர்ந்து கைகாட்டுவது அகாந்தேசி என்ற குடும்பத்தை. பூவைத் தொடாமலே இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

பூவை எண்ணிப் பாருங்கள்

இனி பூவுக்கு வரலாம். பூவை ரசிப்பது வேறு, எண்ணுவது வேறு. எண்ண வேண்டியவை நான்கு: வெளியே பச்சையாக இருக்கும் புல்லி இதழ்கள், வண்ணமான அல்லி இதழ்கள், மகரந்தத்தாள்கள், நடுவில் சூல்தண்டின் முனை.

இதழ்கள் மூன்றாகவோ ஆறாகவோ இருந்து, இலை நரம்பும் இணைகோடாக ஓடினால் அது பெரும்பாலும் ஒருவித்திலைத் தாவரம். செங்காந்தளை எண்ணினால் ஆறு இதழ், ஆறு மகரந்தத்தாள் வரும். நான்கு அல்லது ஐந்து என்று வந்தால் இருவித்திலை. அடுத்து, இதழ்கள் தனித்தனியா, ஒட்டியவையா என்று பாருங்கள். செம்பருத்தியில் ஓர் இதழை மட்டும் பிரித்தெடுக்கலாம். ஊமத்தையில் முடியாது, முழுப் பூவும் ஒரே குழலாகக் கழன்று வரும்.

மகரந்தத்தாள்தான் மிக நல்ல சாட்சி. கார்ல் லின்னேயஸ் 18-ஆம் நூற்றாண்டில் உலகத் தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்தபோது, பெரிதும் நம்பியது மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும்தான். அந்த வகுப்புமுறை பின்னால் கைவிடப்பட்டது. ஆனாலும் எண்ணும் பழக்கம் இன்றுவரை பயன்படுகிறது.

சூல்பை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். அதை அடுக்களையிலேயே கற்றுக்கொள்ளலாம். கத்தரிக்காயில் பச்சைப் புல்லிகள் காம்புப் பக்கம் இருக்கின்றன. பூவில் சூல்பை புல்லிகளுக்கு மேலே இருந்ததால் அப்படி. கொய்யாப்பழத்தில் புல்லிகள் காம்புக்கு எதிர்முனையில் கிரீடம் போலக் காய்ந்து நிற்கின்றன; அங்கே சூல்பை புல்லிகளுக்குக் கீழே இருந்தது.

நம் செடியின் பூ விடியலில் விரிந்து பிற்பகலுக்குள் உதிர்ந்துவிட்டது. உதிர்ந்ததை எடுத்துப் பார்த்தேன். சுமார் ஐந்து சென்டிமீட்டர் நீளம். அடியில் ஒடுங்கிய குழல், மேலே அகன்று ஐந்து மடல்களாக விரிந்திருந்தது. குழலை நகத்தால் நெடுகக் கிழித்தேன். உள்சுவரில் ஒட்டியபடி நான்கு மகரந்தத்தாள்கள் இருந்தன. நான்கும் ஒரே உயரமில்லை; இரண்டு நெட்டை, இரண்டு குட்டை. செடியில் மிஞ்சியிருந்தது ஐந்து ஊசிப் புல்லிகளும், அவற்றின் நடுவே பச்சைச் சூல்பையும்.

இப்போது பழைய ஊகங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம்.

பெட்டூனியா என்றால் மகரந்தத்தாள் ஐந்து இருக்க வேண்டும். இலையும் தண்டும் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்ட வேண்டும். அது கத்தரி, தக்காளியின் குடும்பம். இங்கே பிசுக்கு இல்லை, எண்ணிக்கையும் நான்கு. ஆகவே அது இல்லை.

செயலி காட்டிய பெயர்களில் ஒன்று ஐப்போமியா. அந்தப் பூவும் காலையில் விரியும் ஊதாப் புனல்தான். ஆனால் அது மாற்றிலை அமைவு கொண்டது, பெரும்பாலும் சுற்றிப் படரும் கொடி, மகரந்தத்தாள் ஐந்து. அதுவும் இல்லை.

அக்கா சொன்ன டிசம்பர் பூ கொஞ்சம் நெருங்கி வருகிறது. அதுவும் அகாந்தேசிதான், எதிரிலைதான். ஆனால் டிசம்பர் பூவின் புல்லிகளில் வெளியே இருக்கும் இரண்டும் அகலமாக, ஓரத்தில் கூரான பற்களோடு இருக்கும். நன்கு வளர்ந்த மகரந்தத்தாள் இரண்டே. மற்றவை குட்டையாக, வளர்ச்சி குன்றி நிற்கும். இங்கே புல்லிகள் ஐந்தும் ஒரே மாதிரி ஊசி, தாள்கள் நான்கும் முழு வளர்ச்சி. அக்கா குடும்பத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார், செடிதான் வேறு.

காய் சொன்ன உண்மை

காயைப் பார்க்காமல் அடையாளம் காணும் வேலை முடியாது. இரண்டு மூன்று வாரம் காத்திருந்தேன். பூ இருந்த இடத்தில் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேலான நீளத்தில், சிறு சுருட்டு போன்ற காய்கள் வந்தன. பச்சையாயிருந்து கரும்பழுப்பாகக் காய்ந்தன.

ஒருநாள் அவற்றைப் பார்த்த அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அட, இது பட்டாசுக்காய் தம்பி! பள்ளிக்கூடத்துல எச்சில் தொட்டு உள்ளங்கையில வச்சிக்கிட்டு நிப்போம். டப்புனு வெடிக்கும்" என்றார். இரண்டு காய்களைப் பறித்து ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டார். சில விநாடிகள் ஒன்றுமில்லை. பிறகு 'டப்' என்ற ஒலியோடு காய் இரண்டாகப் பிளந்து, விதைகள் சிதறின.

இது எப்படி நடக்கிறது? காய்ந்த காயின் இரு பாதிகளும் வெளிப்பக்கம் வளைய முறுக்கேறி நிற்கின்றன. நடுவில் இருக்கும் மெல்லிய ஒட்டு அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. ஈரம் பட்டதும் ஒட்டு இளகிவிடுகிறது. பாதிகள் விசையோடு பிரிகின்றன. காயின் உள்ளே ஒவ்வொரு விதையின் அடியிலும் ஒரு சிறு கொக்கி இருக்கிறது. பிரியும் வேகத்தில் அது விதையைக் கவண் போல எறிகிறது. விதை மண்ணில் விழுந்ததும் அதன் விளிம்பு ஈரத்தில் பசையாகி ஒட்டிக்கொள்கிறது. மழை வந்தால்தான் விதைக்க வேண்டும் என்று இந்தச் செடிக்குத் தெரியும்.

இதற்கு நெருங்கிய உறவான ருயெல்லியா சிலியாட்டிஃப்ளோரா என்ற செடியை அமெரிக்க ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் படம் எடுத்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். அதன் விதை விநாடிக்கு 15 மீட்டருக்கு மேலான வேகத்தில் பாய்ந்து, 7 மீட்டர் வரை போகிறது. பறக்கும்போது விநாடிக்கு 1,660 சுற்று வரை சுழல்கிறது. அந்தச் சுழற்சி விதையைத் தள்ளாடாமல் பிடித்து, காற்றின் தடையைக் குறைக்கிறது. துவைகல் ஓரத்தில் யாரும் நடாத செடி எப்படி வந்தது என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது.

கொக்கியோடு கூடிய வெடிகாய் அகாந்தேசி குடும்பத்தின் முத்திரை. டிசம்பர் பூவின் காயில் விதை நான்குக்கு மேல் இராது. இதிலோ தட்டைத் தட்டையாக, வட்டமாக, இருபது அளவில் இருந்தன. டிசம்பர் பூ என்ற ஊகம் இங்கே முழுதாக விலகிவிட்டது.

பெயரை நெருங்குவது

குடும்பம் தெரிந்த பிறகு பேரினம், பிறகு இனம். ஒரே மாதிரி ஐந்து ஊசிப் புல்லிகள், புனல் பூ, நான்கு தாள், பல விதையுள்ள வெடிகாய் எல்லாம் ருயெல்லியா என்ற பேரினத்துக்குப் பொருந்தின. அதில் நம் தோட்டங்களில் அதிகம் காணப்படும் ஊதாப்பூச் செடிகள் இரண்டு. ஒன்று, அழகுக்காக நர்சரியில் விற்கும் ருயெல்லியா சிம்ப்ளெக்ஸ். அது மூன்றடி வரை நிமிர்ந்து வளரும். இலை அரளி இலை போல நீண்டு ஒடுங்கியிருக்கும். தண்டில் கருஞ்சிவப்பு ஏறியிருக்கும். மற்றொன்று ருயெல்லியா டியூபரோசா. அது முழங்கால் உயரம், நீள்வட்ட இலை, வேரில் கிழங்குக் கொத்து. நம் செடி இரண்டாவது.

பெயரே விளக்கம் சொல்கிறது. டியூபரோசா என்றால் கிழங்குள்ளது. ருயெல்லியா என்பது 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த பிரெஞ்சு மருத்துவரும் தாவர அறிஞருமான ழான் ருயெல் நினைவாக வந்தது. செடிக்கு இந்தப் பெயர் 1753-இல் லின்னேயஸின் நூலில் பதிவானது. தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. இங்கே வந்து மண்ணோடு ஒன்றி, தமிழிலேயே பட்டாசுக்காய், வெடிக்காய், கிரந்திநாயகம் என்று பல பெயர் பெற்றுவிட்டது.

குடும்பத்தை அறிந்ததில் இன்னொரு லாபம் உண்டு. தலையில் சூடும் கனகாம்பரம், இருமலுக்குக் கஷாயம் வைக்கும் ஆடாதோடை, காய்ச்சலுக்குக் குடிக்கும் நிலவேம்பு எல்லாம் இதே அகாந்தேசி. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் 12 ஆண்டுக்கு ஒருமுறை மலையையே நீலமாக்கும் குறிஞ்சியும் இதே குடும்பம்தான். 2006-இலும் 2018-இலும் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தோம், அடுத்து 2030. அந்தக் குறிஞ்சியின் உறவுக்காரச் செடி ஒன்று நம் துவைகல் ஓரம் நிற்கிறது.

இன்னும் ஆழமாகப் போக விரும்புகிறவர்கள் மாவட்ட நூலகங்களிலும் கல்லூரி நூலகங்களிலும் தேடிப் பார்க்கலாம். கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் 1915-க்கும் 1936-க்கும் இடையில் பகுதி பகுதியாக வெளிவந்தது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரகத்தை உருவாக்கிய அருட்தந்தை கே. எம். மேத்யூ, தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களைப் பற்றிப் பல தொகுதிகள் எழுதினார். இந்த நூல்களில் 'இலை எதிரெதிரா, மாறி மாறியா' என்று இரண்டிரண்டு கேள்விகளாக வரும். ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் பெயரில் வந்து நிற்கும். நாம் இதுவரை நடந்த வழியும் அதுதான்.

கைப்பேசியில் படம் எடுக்கும்போது

பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட், கூகுள் லென்ஸ் போன்ற செயலிகள் நல்ல துணை. பூவை மட்டும் அண்மையில் எடுத்துக் கொடுத்ததுதான் நான் செய்த தவறு. ஐந்து படங்களாவது எடுங்கள்: முழுச் செடி, தண்டில் இலை ஒட்டியிருக்கும் கணு, இலையின் மேற்புறமும் அடிப்புறமும், பூவை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும், காய் இருந்தால் காய். அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தையோ ஸ்கேலையோ பக்கத்தில் வையுங்கள். மதிய வெயிலில் எடுத்தால் நிறம் வெளுத்துவிடும். காலை நிழலில் எடுங்கள்.

செயலி சொல்லும் பெயரை ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயருக்குரிய செடியில் தாள் எத்தனை, இலை எப்படி, காய் எப்படி என்று தேடி, உங்கள் செடியோடு ஒப்பிடுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று அடையாளமாவது ஒத்துப்போனால்தான் பெயரை ஏற்க வேண்டும்.

படத்தோடு ஒரு கிளையைப் பாடம் செய்து வைப்பதும் நல்லது. பூவும் இலையும் உள்ள ஒரு கொத்தைப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் விரித்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். மழைக்காலத்தில் தாளைத் தினம் மாற்ற வேண்டும். இல்லையென்றால் பூசணம் பிடிக்கும். இடம், தேதி, பூவின் நிறம், வாசனை ஆகியவற்றை அன்றே எழுதிவிடுங்கள், ஏனென்றால் காய்ந்தபின் நிறமும் மணமும் போய்விடும். அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையில் அதைக் காட்டினால் பெயர் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பெயர் உறுதியாகும் வரை வாயில் வைக்காதீர்கள்

அடையாளம் தெரியாத செடியின் இலையையோ கிழங்கையோ சுவைத்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு, பார்க்க உண்ணும் கிழங்கு போலவே இருக்கும். அதிலுள்ள கொல்ச்சிசின் என்ற நஞ்சு உயிரைப் பறிக்கக் கூடியது. வள்ளி என்றும் சர்க்கரைவள்ளி என்றும் எண்ணிச் சமைத்து உயிருக்குப் போராடியவர்கள் உண்டு. அரளி, ஊமத்தை இரண்டும் வீட்டு வாசலிலேயே வளரும் நஞ்சுகள்.

கிரந்திநாயகத்துக்கு நாட்டு வைத்தியத்தில் பெயருண்டு. அதற்காக நான் விவரித்ததைப் படித்துவிட்டு உங்கள் தோட்டத்து ஊதாப்பூச் செடியை மருந்தாக்கிவிடக் கூடாது. அடையாளம் காண்பது ஒரு கலை, மருந்து தருவது வேறொரு படிப்பு. அதற்கு முறையாகப் பயின்ற சித்த மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

எங்கள் துவைகல் ஓரத்துச் செடியை நாங்கள் பிடுங்கவில்லை. அக்கா தன் பேரனை அழைத்து வந்து காய் வெடிப்பதைக் காட்டினார். அவனுக்கு அன்றைக்கு அந்தச் செடியின் பெயர் மனத்தில் பதிந்துவிட்டது. அக்காவுக்குக் காய் தெரியும், பூ தெரியாது. எனக்கு இரண்டும் தெரியாது, எண்ணிப் பார்க்க மட்டும் தெரியும். இருவர் அறிந்ததும் சேர்ந்தபோதுதான் பெயர் கிடைத்தது.

உங்கள் வீட்டுச் சுவரோரத்திலும் தெருமுனையிலும் இப்படி ஒரு செடி நிச்சயம் நிற்கும். களை என்று பிடுங்கும் முன் ஒரு நிமிடம் குனிந்து, இலை எதிரெதிரா, மாறி மாறியா என்று மட்டும் பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் காயைக் காட்டிப் பெயர் கேளுங்கள். கேட்டதையும் கண்டதையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.